புதுப்பிப்பு: முதல் வேலை ஆலையிலா, ஆலோசனை நிறுவனத்திலா? முடிவு செய்துவிட்டேன்

ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலையின் உற்பத்திப் பிரிவு, பெங்களூருவில் ஆலோசனை நிறுவனம், எதை எடுப்பது என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஆலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. "கையெழுத்திடும் முன் ஒரு முழு ஷிப்ட் நின்று பாருங்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. மனிதவளப் பிரிவில் கேட்டேன், தயங்காமல் அனுமதித்தார்கள். காலை 6 மணிக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் இயந்திரம் நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் யாரையும் திட்டவில்லை. கடைசியாக வந்த தகட்டை வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பில் பிசிர் (வெட்டில் துருத்தி நிற்கும் கூர்மையான உலோகம்) எங்கே தொடங்குகிறது என்று ஆபரேட்டருக்கும் எனக்கும் சேர்த்தே காட்டினார். அங்கேயே மனம் முடிவாகிவிட்டது. நான் போட்ட சம்பள ஒப்பீட்டு அட்டவணை எதையும் தீர்க்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று: எண்களை அடுக்கி விளக்குவது ஆலோசனை வேலைக்கே உரியது என்று நினைத்திருந்தேன். இங்கும் கழிவு ஏன் கூடியது என்று ஆலைத் தலைவர் முன் வாராவாரம் விளக்குகிறேன். இரவு ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும் என்பதை மட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.