மறு: வீட்டில் செய்யும் போர்க்கவசம் – 'தகட்டுக்கோவை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். சிறு தகடுகளை ஒன்றோடொன்று கயிற்றால் கோத்துச் செய்யும் லாமெல்லர் (lamellar) கவசத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> செதில்கவசம் என்றே வைத்துக்கொள்ளலாமே. பார்த்தால் மீன்செதில் மாதிரிதானே இருக்கிறது?

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் பொழுதுபோக்குச் சண்டைக்காகத் தானே கவசம் செய்ய உட்காருபவருக்குத் தகடு எதோடு இணைகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். செதில்கவசத்தில் ஒவ்வொரு தகட்டையும் அடியிலுள்ள துணியிலோ தோலிலோ தைப்பார்கள். நாம் பேசும் கவசத்துக்கு அடித்துணியே கிடையாது. தகட்டோடு தகட்டைக் கயிற்றால் கோத்துக்கொண்டே போக வேண்டும். செதில்வரிசைகள் கீழ்நோக்கிக் கவிந்திருக்கும். இதில் பெரும்பாலும் கீழ்வரிசையின் மேல்விளிம்பு, மேல்வரிசைக்கு முன்னால் ஏறி நிற்கும். 'செதில்' என்ற பெயரை நம்பித் தொடங்குபவர் துணி வாங்கித் தைக்க ஆரம்பித்துவிடுவார்.

எல்லாக் கவசமும் ஒன்றுதானே என்பவர்கள் சுவீடனின் கோட்லாந்து தீவில் 1361இல் நடந்த விஸ்பி போரைப் பாருங்கள். அங்கே தோண்டிய புதைகுழிகளில் இரும்பு வளையங்களைப் பின்னிய கவசம், துணிக்கு உள்பக்கமாகத் தகடுகளைத் தறைந்த சட்டை, தகடுகளைக் கோத்த கவசம் மூன்றுமே கிடைத்தன. ஒரே களத்தில் கிடந்தவற்றைப் பிரித்துச் சொல்லவாவது நமக்குத் தனித்தனிப் பெயர் வேண்டாமா?

அதனால் என் பரிந்துரை 'தகட்டுக்கோவை'. கோப்பதுதான் இந்த வேலையின் உயிர். ஒரு தகட்டின் ஓரத்துளை மேல் அடுத்த தகட்டின் ஓரத்துளையைப் பொருத்தி, இரண்டுக்கும் ஒரே கயிற்றை விட வேண்டும். துளை போட்டதும் நிற்கும் பிசிறை அரத்தால் ராவாமல் விட்டால், நாலு அடி வாங்குவதற்குள் கயிறு அங்கேயே அறுபடும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி விடவும் வேண்டும், இல்லாவிட்டால் குனிய முடியாது. இரும்பை வளைத்துத் தட்டிக் குழிக்கத் தெரியாதவரும் இதைச் செய்துவிடலாம். பலர் பழைய பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டியே தகடு எடுக்கிறார்கள். 1966இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய, இடைக்காலச் சண்டைகளைப் பொழுதுபோக்காக நடத்தும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம் போன்ற அமைப்புகளில் பிரம்பு வாளால்தான் அடிக்கிறார்கள் என்பதால் அதுவும் தாங்குகிறது. தலைக்கவசம் மட்டும் கட்டாயம் உலோகம்தான்.

> கோவை என்றால் ஊர்ப்பெயராகப் படாதா?

'கோவைக்கவசம்' என்று எழுதினால் படும். அதனால்தான் கோவையைப் பின்னால் வைத்தேன். சொற்கோவை, மணிக்கோவை என்று சொல்லும்போது யாருக்கும் ஊர் நினைவு வருவதில்லை. பெயரை நீட்டுவதும் எளிது: தகட்டுக்கோவை மார்புறை, தகட்டுக்கோவைத் தோளுறை.

இன்னொருவர் சொன்ன 'மெய்ம்மறை' எனக்கும் மிகப் பிடித்த சொல். பதிற்றுப்பத்தில் 'சான்றோர் மெய்ம்மறை' என்று சேரனை வீரர்களின் கவசமாகவே பாடியிருக்கிறார்கள். ஆனால் அது உடம்பை மறைக்கும் எல்லாக் கவசத்துக்கும் பொது. பொதுப்பெயராகவே இருக்கட்டும், ஒரு வகைக்குள் அதை அடைக்க வேண்டாம். 'தகட்டுக்கவசம்' என்பதை உடம்பின் வடிவுக்கே தட்டி எடுத்த பெரிய தகடுகளுக்கு விட்டுவிடலாம். விஸ்பியில் கிடைத்தது போல் உள்ளே தகடு தறைந்தவற்றுக்கு 'உள்தகட்டுச் சட்டை' போதும்.

அப்புறம், கவசத்துக்கு அடியில் போடும் பஞ்சு திணித்துத் தைத்த சட்டைக்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. மழுங்கிய ஆயுதத்தால் அடிக்கும்போது தகடு நசுங்காவிட்டாலும் அதிர்ச்சி உள்ளே போகத்தான் செய்யும். அதை வாங்கிக்கொள்வது இந்தச் சட்டைதான். 'மெத்துறை' என்று ஒன்று தோன்றுகிறது. 'திணிப்புச்சட்டை' தெளிவாக இருந்தாலும் சொல்ல இழுக்கிறது. தையல் தெரிந்தவர்கள் இதற்கு வேறு நல்ல சொல் வைத்திருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.