புதுப்பிப்பு: கண்டிக்கோட்டா சென்று வந்தோம்
ஆந்திராவிலுள்ள கண்டிக்கோட்டா பள்ளத்தாக்கையும் பேலம் குகையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பார்க்கலாம், ஆனால் இரண்டுமே அரைகுறையாகிவிடும் என்பதுதான் நேரில் சென்று வந்த பின் என் பதில். எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துச் சென்றிருக்கும் விளிம்பை அடைய, அடுக்கி வைத்தாற்போல் கிடக்கும் செம்பாறைகளின் மேல் கையூன்றி ஏற வேண்டியிருப்பதால், செருப்பு உதவாது. என்னுடையது பாதி வழியிலேயே வார் அறுந்தது. விடியற்காலையில் வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கப் பாறைச்சுவர் சாம்பலிலிருந்து செம்மைக்கு மாறியதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். தங்குவதற்கு அருகிலுள்ள ஜம்மலமடுகு என்ற சிறுநகரம் போதும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பேலம் குகைக்குள் புழுக்கம் கடுமை என்பதால், அதை மறுநாள் காலைக்கு ஒதுக்குங்கள்.