சிட்னி–ஹோபாட் பாய்ப்படகுப் போட்டிக்குத் தம்பி போகப் போகிறான். அம்மாவுக்கு என்ன சொல்வது?

கல்லடிப் பாலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு, கல்லடி. தம்பி ஆறு வருடமாகச் சிட்னியில் இருக்கிறான். புதன்கிழமைகளில் வேலை முடிந்து ஏதோ ஒரு கிளப்பில் படகில் பாய் இழுக்கப் போவான். பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டோம். போன கிழமை போன் எடுத்து, டிசம்பர் 26 சிட்னியிலிருந்து தாஸ்மேனியாவில் இருக்கும் ஹோபாட்டுக்கு ஓடுகிற றேஸில் ஒரு படகு தன்னைச் சேர்த்திருக்கிறது என்கிறான்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. டிசம்பர் 26 எங்கள் வீட்டில் என்ன நாள் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2004இல் நாவலடியில் சித்தியையும் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. தம்பிக்கு அப்போது ஏழு வயது. கடலைப் பார்க்கவே மாட்டான் என்று நினைத்த பிள்ளை.

யூடியூப்பில் பார்த்த வீடியோக்கள் எனக்கே வயிற்றைக் கலக்குகின்றன. காலநிலை மோசமென்று தெரிந்தும் ஏன் நிறுத்துவதில்லை? ஆட்கள் செத்திருக்கிறார்களா? போனவர்கள், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து "ஒன்றும் நடக்காது" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நாங்களே அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வாழைச்சேனை மல்டிடே எழுதியது:

இங்கே வாடைக்குப் படகை இறக்கினால் வீட்டில் ஏச்சு. அங்கே அதற்குக் கப் கொடுக்கிறார்கள். காசு உள்ளவன் விளையாட்டு, வேறென்ன.

ஆரையம்பதிக்காரி எழுதியது:

நான் ஒருமுறை போயிருக்கிறேன். ஹோபாட்டை மட்டும் பார்க்கவில்லை, அது பின்னால் வருகிறது.

சிட்னியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இப்போது ஊரோடு. நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். ஆம், செத்திருக்கிறார்கள். 1998இல் 115 படகுகள் புறப்பட்டு 44தான் போய்ச் சேர்ந்தன. ஐந்து படகுகள் தாண்டு போயின. ஆறு பேர் இறந்தார்கள், 55 பேரைக் காப்பாற்றினார்கள். 1945இல் நடந்த முதல் றேஸிலேயே ஓடிய 'வின்ஸ்டன் சர்ச்சில்' என்ற மரப்படகும் அந்த முறைதான் போனது. அதிலிருந்து மிதவைக்கு ஏறித் தப்பியவர்களில் மூன்று பேரை மறுகா அலை மிதவையிலிருந்தே பறித்துக்கொண்டது. 2024இல் முதல் இரவே இரண்டு பேர், இரண்டு வேறு படகுகளில். அவர்களைக் கடல் கொண்டுபோகவில்லை. பாயின் தண்டும் கயிறும் வீசியதில் படகுக்குள்ளேயே அடிபட்டார்கள். தம்பிக்கு அலையைப் பற்றிப் புத்தி சொல்வதைவிட, தலையைக் குனிந்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஏன் நிறுத்துவதில்லை? பாய்ப்படகுப் போட்டி விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது: புறப்படுவதா, தொடர்வதா என்ற முடிவு அந்தந்தப் படகுடையது மட்டுமே. 1998க்குப் பிறகு விதிகளை இறுக்கினார்கள். ஆட்களில் பாதிப்பேராவது கடல் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கிறீன் கேப் என்ற முனைக்கு வரும்போது ஒவ்வொரு படகும் றேடியோவில், எங்கள் எஞ்சின் சரி, மிதவை சரி, ஆட்கள் சரி, காலநிலை அறிக்கை பார்த்தாயிற்று, நாங்கள் போகிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்கு அப்பால் பாஸ் நீரிணை. ஆழம் சராசரி அறுபது மீற்றர்தான், தெற்குப் பெருங்கடலின் அலை அந்த ஆழமில்லாத கடலுக்குள் வந்துதான் எழும்பும். ஆனாலும் "போகிறோம்" என்று சொல்வது ஸ்கிப்பரின், அதாவது படகுத் தலைவரின், வாய்தான். போட்டி நடத்தும் கிளப்பின் வாய் இல்லை.

எங்களுடையது நாற்பதடிப் படகு, ஒன்பது பேர். பகல் ஒரு மணிக்கு வெடி போட்டுப் புறப்படும்போது நல்ல வெயில், பின்னால் வடக்குக் காற்று. அந்தக் கரையோரம் தெற்கே ஓடும் நீரோட்டம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதைத் தேடிப் பிடித்துத்தான் போவார்கள், சும்மா கிடைக்கிற வேகம். மறுநாள் விடியப்புறம் காற்றுத் தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. முதல் நாள் எங்களைத் தூக்கிக்கொண்டு போன அதே நீரோட்டம் இப்போது அலையை நிமிர்த்தி வைத்தது. படகு ஏறும், மறுபக்கத்தில் தண்ணீர் இருக்காது, தொப்பென்று விழும். மூன்று தரம் சத்தி எடுத்தேன், அப்புறம் எண்ணவில்லை. படுக்கை ஈரம், சொக்ஸ் ஈரம், எல்லாவற்றிலும் டீசல் மணம். நான் கொண்டுபோன இஞ்சி மிட்டாய் ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

இரவு இரண்டு மணி போலப் பெரிய பாயில் ஒரு கிழிசல். ஒரு சாண்தான். தைக்கலாம், பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு போகலாம் என்று எல்லோரும் சொன்னோம். ஸ்கிப்பர் அதற்கு முன் பதினான்கு தரம் போனவர். வரைபடத்தைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, "ஈடன்" என்றார். கிறீன் கேப்புக்குச் சற்று முன்னால் இருக்கிற துறைமுகம் அது. காலை பத்து மணிக்கு ஈடனில் கடை திறந்ததும் சிப்ஸ் வாங்கித் தின்றுகொண்டு அழுதேன். ஒரு வருடப் பயிற்சி, எடுத்த லீவு, கொடுத்த காசு. எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு படகுகள் அதே காற்றில் ஹோபாட் போய்ச் சேர்ந்தன என்பது இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான். பக்கத்தில் இருந்தவன் சொன்னான்: "இந்த மனிசன் இப்படித் திரும்புவது ஐந்தாவது தரம். அதனால்தான் நான் இவரோடு வருகிறேன்."

சரி, தம்பியிடம் படகு எத்தனை அடி, லைஃப் ஜக்கெட் உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டாம், அதைக் கிளப் பார்க்கும். உன் ஸ்கிப்பர் எத்தனை தரம் திரும்பி வந்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒருதரமும் இல்லை என்று பெருமையாகச் சொன்னால் நானும் அம்மாவின் பக்கம்.

இன்னொன்று. ஒவ்வொரு படகும் எங்கே நிற்கிறது என்று இணையத்தில் ட்ராக்கரில் பார்க்கலாம். என் அம்மா விடிய விடிய அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எங்கள் புள்ளி கரைப்பக்கம் திரும்பியதும் ஏதோ நடந்துவிட்டது என்று மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்துவிட்டார். புள்ளி திரும்பினால் நல்லது என்று உங்கள் அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தூரம் 628 கடல்மைல். 2017இல் 'கொமாஞ்சி' என்ற படகு 1 நாள் 9 மணி 15 நிமிடத்தில் ஓடி முடித்தது. அது வேறு சாதி. தம்பியின் படகு எங்களுடையது மாதிரி என்றால் மூன்று நாலு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சாய்ந்தமருது எழுதியது:

ஆரையம்பதி அக்கா சொன்ன அந்த நீரோட்டக் கதை எங்களுக்குத் தெரிந்ததுதான். மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்டால் ஆற்று வெள்ளம் வெளியே பாயும், வாடை உள்ளே தள்ளும். இரண்டும் முட்டுகிற இடத்தில் மட்டும் அலை சுவர் மாதிரி நிற்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் அவ்வளவு இல்லை.

திரும்புவதைப் பற்றி: வாப்பா ஒருநாள் எண்ணெய், ஐஸ், சோற்றுப் பார்சல் எல்லாம் ஏற்றிவிட்டுக் கரையில் நின்று பார்த்தார். "இறக்கு" என்றார். அன்று போன மற்றப் போட்டெல்லாம் மீனோடு வந்தன. உம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

வாழைச்சேனை மல்டிடே எழுதியது:

உம்மா செய்தது சரி, ஐஸ் விலை அப்படி. 😀 ஆனால் மேலே நான் எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். றேடியோவில் "போகிறோம்" என்று வாயால் சொல்ல வைக்கிறார்களே, அது நல்ல வேலை. எங்கள் பக்கம் பெடியன்கள் எதையும் சொல்லாமலே போய்விடுகிறார்கள்.

கல்லடிப் பாலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக ஆரையம்பதி அக்காவுக்கு.

தம்பியிடம் கேட்டேன். முதலில் சிரித்தான். அவனுக்கே தெரியவில்லை. மறுகா விசாரித்துச் சொன்னான்: ஒன்பது தரம் போய் இரண்டு தரம் திரும்பியிருக்கிறாராம், ஒருதரம் ஆள் ஒருவருக்குக் கை முறிந்து. அக்காவின் கணக்குக்கு இது போதுமோ தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அங்கே வெடி போடும்போது இங்கே காலை ஏழரை. அம்மா இங்கே கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கம் விளக்கு வைக்கப் போகிற நேரம். 2004இலும் அதே நாள் அங்கே படகுகள் புறப்பட்டிருக்கின்றன என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

"போ" என்று அவர் இன்னும் சொல்லவில்லை. "போகாதே" என்பதை நிறுத்திவிட்டார். நேற்று இரவு அந்தக் கரையின் படத்தை என் போனில் விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"இதில ஈடன் எங்க கிடக்கு?" என்று கேட்டார்.