நேர்முகத் தேர்வின் கடினமான கேள்விகள்: பதில்களை மனப்பாடம் செய்வது சரியா?

கதிரொளி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கணக்கியல் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், தந்தையின் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்டேன். அவர் தேறிவிட்டதால் இப்போது மீண்டும் வேலை தேடுகிறேன். "உங்கள் பலவீனம் என்ன?", "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?", "மேலாளரோடு கருத்து வேறுபட்ட ஒரு சூழலைச் சொல்லுங்கள்" போன்ற கேள்விகளுக்கு மாதிரிப் பதில்களைத் திரட்டி, என் நிலைக்கு ஏற்ப மாற்றி எழுதி, மனப்பாடம் செய்து வருகிறேன். ஆனால் தோழி ஒருத்தி அதே கேள்விகளைச் சற்றே வேறு சொற்களில் கேட்டவுடன், மனத்தில் இருக்கும் பதில் கேள்வியோடு பொருந்தாமல் போகிறது. பொருத்திப் பேச முயல்வதற்குள் தடுமாறிவிடுகிறேன். தேர்வுக் குழுவினர் இக்கேள்விகளின் வழியே உண்மையில் எதை அறிய விரும்புகிறார்கள்? மனப்பாடம் வேண்டாம் என்றால், வேறு எவ்வாறு ஆயத்தமாவது?

தேர்வுமேசை (பதில்):

வணக்கம். தேர்வுக் குழுக்களில் நெடுங்காலமாக அமர்ந்து வருபவன் என்ற முறையில், உங்கள் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடும் முறையைக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்பார்கள். மனம்போன போக்கில் உரையாடும் நேர்காணலைவிட இந்த முறையே ஒருவரின் பிற்காலப் பணித்திறனை நன்கு கணிக்கிறது என்பதை பிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பால் சாக்கெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2022இல் இத்தகைய ஆய்வுகளின் கணக்கீடுகளை மறுபடியும் சரிபார்த்தபோது, தேர்வு முறைகளின் வரிசையில் கட்டமைக்கப்பட்ட நேர்காணலே முதலிடம் பெற்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த முறையைப் பின்பற்றும் குழுவில் நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் ஒரு தாளில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அந்தத் தாளில் எழுதத்தக்க சான்று உங்கள் பேச்சில் இருக்கிறதா என்பதே அவருடைய கவலை. "நான் பொறுப்பானவள், குழுவாக இயங்குவேன்" என்ற வாக்கியத்தில் எழுதிக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்பவையே எழுதத்தக்கவை.

ஆகவே, பதில்களை அல்ல, நிகழ்ச்சிகளை ஆயத்தம் செய்யுங்கள். உங்கள் பணிவாழ்விலிருந்து ஆறு அல்லது ஏழு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அப்போதைய சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் எடுத்த நடவடிக்கை, அதன் விளைவு ஆகியவற்றைச் சுருக்கக் குறிப்புகளாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முழு வாக்கியங்களாக எழுதாதீர்கள். ஒரே நிகழ்ச்சி, கேள்விக்கு ஏற்ப, தவறைத் திருத்தியதற்கும் நெருக்கடியைக் கையாண்டதற்கும் எடுத்துக்காட்டாக அமையும். தோழி சொற்களை மாற்றிக் கேட்டாலும் நிகழ்ச்சி மாறப்போவதில்லை அல்லவா?

பலவீனம் பற்றிய கேள்வியைத் தனியே சொல்ல வேண்டும். அதன் பின்னால் இருப்பது, இவர் தம்மைத் தாமே சரியாக மதிப்பிடக்கூடியவரா, குறை சொன்னால் ஏற்றுத் திருத்திக்கொள்வாரா என்ற ஐயம். "எதிலும் முழு நேர்த்தியை எதிர்பார்ப்பதே என் குறை" என்ற பதிலைக் குழுவினர் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள். அது குறையின் உடையில் வரும் தற்புகழ்ச்சி என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். உண்மையான குறையையே சொல்லுங்கள், ஆனால் அந்தப் பணியின் அடிப்படையையே அசைக்கும் குறையாக அது இருக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, வேலையைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கத் தயங்குபவர் என்றால், மாத இறுதிக் கணக்கு முடிப்பின்போது அதனால் என்ன தாமதம் நேர்ந்தது, அதன்பின் யாருக்கு எந்தப் பகுதி என்று முதலிலேயே பட்டியலிடும் பழக்கத்தை எப்படி ஏற்படுத்திக்கொண்டீர்கள், இன்றும் எந்த இடத்தில் அந்தத் தயக்கம் தலைகாட்டுகிறது என்பதுவரை சொல்லலாம். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குறை முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்பவரைவிட, அதைக் கண்காணித்து வருகிறேன் என்பவரை நான் கூடுதலாக நம்புகிறேன்.

சொல்லாழி (பதில்):

மேலே உள்ள பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். சூழல், பொறுப்பு, நடவடிக்கை, விளைவு என்ற நான்கு பகுதிகளைக் கற்றுக்கொண்டவர்கள் சூழலை விளக்குவதிலேயே பாதி நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். சூழலுக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். பதிலின் பெரும்பகுதி நடவடிக்கைக்கு உரியது. அங்கும் "நாங்கள் செய்தோம்" என்றே தொடர்ந்து பேசினால், உங்கள் பங்கு எது என்பது கேட்பவருக்கு விளங்காது. குழுவின் உழைப்பைக் குழுவுக்கே கொடுத்துவிட்டு, நீங்கள் எடுத்த முடிவைச் சொல்லும்போது "நான்" என்று கூறத் தயங்காதீர்கள். அது தற்பெருமை ஆகாது.

பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படிப்பது நன்கு தெரிந்துவிட்டது என்ற உணர்வைத் தரும். ஆனால் அந்த உணர்வு நம்பத்தக்கது அன்று. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது, பாடத்தை மறுபடி படித்த மாணவர்கள் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். எனவே குறிப்பை மூடி வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள், கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்ல முயலுங்கள். மனப்பாடத்தில் இருக்க வேண்டியவை எண்களும் நிகழ்ச்சியின் வரிசையும் மட்டுமே.

கதிரொளி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. மேலாளரோடு கருத்து வேறுபட்ட நிகழ்ச்சி என்றால், எனக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான். காலாண்டு முடிவில் சில செலவுகளை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப் பதியுமாறு என் மேலாளர் சொன்னார், நான் மறுத்தேன். இதைச் சொன்னால் பழைய நிறுவனத்தைக் குறைகூறுபவள் என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். பணி இடைவெளியைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு சொல்வது என்பதும் தெரியவில்லை.

ஐந்தொகை (பதில்):

நான் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். என்னைக் கேட்டால், இந்த நிகழ்ச்சியை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். கணக்கர் ஒருவரிடம் மேலாளரோடு கொண்ட கருத்து வேறுபாட்டைப் பற்றிக் கேட்கும் குழு, அழுத்தம் வரும்போது இவர் வளைந்துகொடுப்பாரா என்பதையே பெரும்பாலும் அறிய விரும்புகிறது. உங்கள் அனுபவம் அதற்கு நேரடியான விடை. சொல்லும் முறையில்தான் கவனம் வேண்டும். மேலாளரின் குணத்தையோ நோக்கத்தையோ பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நிறுவனத்தின் உள்கணக்குத் தொகைகளையும் வெளியிட வேண்டாம், ஏனெனில் பழைய நிறுவனத்தின் இரகசியத்தை இங்கே சொல்பவர் நாளை இந்த நிறுவனத்தின் இரகசியத்தை வேறெங்கோ சொல்வார் என்றே கேட்பவர் நினைப்பார்.

ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: "காலாண்டு முடிவில், ஏற்கெனவே பெற்றுவிட்ட சேவைகளுக்கான சில செலவுகளை அடுத்த காலாண்டில் பதியலாம் என்று மேலாளர் கருதினார். செலவு எந்தக் காலத்துக்கு உரியதோ அந்தக் காலத்திலேயே பதியப்பட வேண்டும் என்பதால், நான் அவரைத் தனியே சந்தித்து, உரிய ஆவணங்களைக் காட்டி, ஏன் அவ்வாறு பதிய இயலாது என்று விளக்கினேன்." இதன்பின் அவர் என்ன முடிவெடுத்தார், நீங்கள் அடுத்து என்ன செய்தீர்கள் என்பதை நடந்தபடியே சேர்த்துக்கொள்ளுங்கள். விளைவு உங்களுக்குச் சாதகமாக அமையாமல் போயிருந்தாலும் அதை மாற்றிச் சொல்லாதீர்கள். துணைக்கேள்விகளில் அது நிற்காது.

பணி இடைவெளிக்கு மூன்று வாக்கியங்கள் போதும்: குடும்பத்தில் ஒருவரைக் கவனிக்க வேண்டியிருந்தது, அந்தப் பொறுப்பு இப்போது முடிந்துவிட்டது, இடையில் மாறிய விதிகளையும் மென்பொருள்களையும் இன்னின்ன வகையில் கற்றுக்கொண்டேன். தந்தையின் நோய் விவரங்களைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மன்னிப்புக் கேட்கும் குரலும் வேண்டாம்.

மேலாளர் நிகழ்ச்சியைச் சொல்லி முடித்தவுடன், "அதன்பின் அவரோடு எப்படிப் பணியாற்றினீர்கள்?" என்ற கேள்வி அநேகமாக வரும். பலர் முதல் பதிலை மட்டும் ஆயத்தம் செய்துவிட்டு இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அடுத்த முறை தோழியோடு பயிற்சி செய்யும்போது இந்தக் கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள்.