ரெஜி ஷ்வார்ஸ்: போரில் மடிந்தவரா, காய்ச்சலில் மடிந்தவரா?

சுழல்விரும்பி:
முதல் உலகப்போரில் உயிர்விட்ட கிரிக்கெட் வீரர்களின் பட்டியல் எதை எடுத்தாலும் தென்னாப்பிரிக்கச் சுழற்பந்து வீச்சாளர் ரெஜி ஷ்வார்ஸ் பெயர் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பீரங்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. இவர் இறந்தது நவம்பர் 18, பிரான்ஸின் எடாப்ள் ராணுவ முகாமில், இன்ஃப்ளுயன்சா காய்ச்சலில். அந்தக் காய்ச்சல் போரையே பார்க்காத ஊர்களிலும் ஆட்களை வாரிக்கொண்டு போனது. இன்றைய இஸ்ரேலில் உள்ள பீர்ஷெபாவில், போர்க்களத்திலேயே சுடப்பட்டு விழுந்த ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டிபி காட்டருக்குப் பக்கத்தில் இவரை எப்படி வைப்பது?

காவிரிக்கரை:
ஐயா, தேதியைப் பார்த்தீர்கள். அவர் ஏன் எடாப்ளில் இருந்தார் என்று பார்க்கவில்லை. போர் மூண்டபோது அவருக்கு வயது 39. ஆடவேண்டியதை ஆடி முடித்தவர். ஜோகன்னஸ்பர்க்கிலேயே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் ஜெர்மனியின் வசமிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், போரிட்டார். அது முடிந்ததும் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். பிரிட்டிஷ் ராணுவத்தின் கிங்ஸ் ராயல் ரைஃபிள் படைப்பிரிவில் மேஜர், வீரத்துக்கான மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையமே 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இருந்தபடி நோயால் இறந்த படையினரையும் போரில் இறந்தவர்களாகத்தான் கணக்கில் கொள்கிறது. அவர்கள் சேர்த்துக்கொண்டவரை நாம் ஏன் விலக்க வேண்டும்?

தெற்குவாசல்:
நீங்கள் இருவரும் தொடாத ஒன்று இருக்கிறது. ஷ்வார்ஸ் பிறந்தது இங்கிலாந்தில். ரக்பியில் இங்கிலாந்துக்காகவே ஆடியவர். பிழைக்கத் தென்னாப்பிரிக்கா போய்ச் சில ஆண்டுகளிலேயே அந்நாட்டு அணிக்குள் வந்துவிட்டார். அதற்கு முன்பு, 1894-இல் இங்கிலாந்து சென்ற முதல் தென்னாப்பிரிக்க அணியில் கிரோம் ஹென்ட்ரிக்ஸுக்கு இடமில்லை. அஞ்சவைக்கும் வேகப்பந்து வீச்சாளர், அந்த மண்ணிலேயே பிறந்தவர். வெள்ளையர் அல்லாததால் ஒதுக்கினார்கள். கப்பலில் வந்திறங்கியவருக்குத் திறந்த கதவு மண்ணின் மகனுக்குத் திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் ஷ்வார்ஸின் வாழ்க்கையைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

காவிரிக்கரை:
ஹென்ட்ரிக்ஸுக்கு நடந்தது அநியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஷ்வார்ஸை வெறும் சலுகையால் உள்ளே வந்தவராகப் பார்க்காதீர்கள். எதிர்பார்க்கும் பக்கத்துக்கு மாறாகத் திரும்பும் கூக்ளி என்ற சுழல்பந்தைக் கண்டுபிடித்த போசன்கெட்டும் இவரும் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் அணியில் ஆடியவர்கள். போசன்கெட் அதை மேசைமேல் டென்னிஸ் பந்தை உருட்டி ஆடும் விளையாட்டில் பழகியவர். ஷ்வார்ஸ் அவரைப் பார்த்துக் கற்றார். கற்றதைத் தோழர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். லெக் ஸ்பின் போடுபவரைப் போலத்தான் ஓடிவருவார். கை சுழல்வதும் அப்படித்தான். கடைசி நொடியில் மணிக்கட்டு கவிழும், பந்து புறங்கைப் பக்கமாக வெளியேறும். விலகிப்போகும் என்று மட்டையை நீட்டியவரின் உடலை நோக்கி அது திரும்பும். பாய் விரித்த மேட்டிங் ஆடுகளத்தில் எழும்பவும் செய்யும். வியப்பு என்னவென்றால், விலகிப்போகும் நிஜமான லெக் பிரேக் அவர் போடவே மாட்டார், எல்லாமே கூக்ளி. உள்ளேதான் வரும் என்று தெரிந்தும் ஆட முடியவில்லை. 1907 இங்கிலாந்துப் பயணத்தில் 137 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 11.79.

சுழல்விரும்பி:
அவருடைய பந்துவீச்சை நான் குறைத்துப் பேசவே இல்லை, நண்பரே. 1906 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்கா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது அணியில் இவரும் இருந்தார். கடைசி ஜோடி 45 ரன் எடுத்தாக வேண்டிய நிலை. எடுத்து முடித்தவர்களில் ஒருவரான டேவ் நூர்ஸும் இங்கிலாந்தில் பிறந்தவர்தான். சிறுவனாகப் பிரிட்டிஷ் படையோடு வந்து, அங்கேயே தங்கி ஆட்டக்காரர் ஆனவர். ஷ்வார்ஸுக்கு எல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது: முதலில் ஆட்டம், பிறகு படை.

கல்லறை ஆணையத்தின் கணக்கு எனக்குப் புதிய செய்தி. பட்டியலில் பெயர் இருக்கட்டும், ஏற்கிறேன். 'போர்க்களத்தில் வீழ்ந்தார்' என்று எழுதுவதை மட்டும் ஏற்கமாட்டேன். காய்ச்சல் என்றே எழுதுங்கள். போர் முடிந்து ஏழே நாள் என்பதையும் எழுதுங்கள்.

காவிரிக்கரை:
அதில் எனக்கும் மறுப்பில்லை.

தெற்குவாசல்:
ஷ்வார்ஸைப் பற்றி எழுதும் அந்தக் குறிப்பில் ஹென்ட்ரிக்ஸுக்கு ஒரு வரி கொடுங்கள். இல்லாவிட்டால் நான் மறுபடியும் வருவேன்.