‘ஏர்’ என்றால் வாரிசா? அப்பா உயிரோடு இருக்கும்போதுமா?

மைக்கறை:
ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். என் பெரியப்பா மகளுக்கு அவள் தம்பி ஒரு விடுதலைப் பத்திர வரைவை ஆங்கிலத்தில் அனுப்பியிருக்கிறான். அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, என்னிடம் தமிழாக்கக் கேட்டாள். முதல் வரியே ‘ஐ, பீயிங் எ லீகல் ஏர் ஆஃப் மை ஃபாதர்’ என்று தொடங்குகிறது. 3 லட்சம் பெற்றுக்கொண்டு அப்பா சொத்தில் தன் பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறாளாம். ‘சட்டப்படியான வாரிசாகிய நான்’ என்று எழுதிவிட்டேன். எழுதியதும் உறுத்தியது. பெரியப்பாவுக்கு 81 வயது. நேற்றுகூட போனில் ‘உங்க ஊர்ல மழை உண்டா’ என்று கேட்டார். உயிரோடு இருப்பவருக்கு வாரிசு என்று எழுதலாமா?

கச்சேரி குமாஸ்தா:
எழுதக் கூடாதும்மா. வக்கீல் ஆபீசில் 27 வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். உயிரோடு இருப்பவனுக்கு வாரிசு கிடையாது என்று லத்தீனிலேயே ஒரு விதி உண்டு: ‘நெமோ எஸ்ட் ஹெரெஸ் விவெந்திஸ்’. மூச்சு நின்ற நொடியில்தான் ‘ஏர்’ பிறக்கிறான். அதுவரை அவன் வெறும் மகன், அவள் வெறும் மகள். நாளைக்கு அப்பா முழுச் சொத்தையும் கோயிலுக்கு எழுதி வைத்தால் இந்த ‘லீகல் ஏர்’ எங்கே போவார்?

ஓய்வு வாத்தியார்:
குமாஸ்தா சார், சட்டம் உங்களுடையது, மொழி எல்லாருக்கும் பொது. எந்த அகராதியைப் புரட்டினாலும் ‘ஏர்’ என்பதற்கு இரண்டு பொருள் இருக்கும்: சொத்தை அடைந்தவர், அடையப் போகிறவர். இங்கிலாந்தின் சார்லஸ் 1952இலிருந்து 2022 வரை 70 ஆண்டு ‘ஏர்’ ஆகவே இருந்தார். அம்மா உயிரோடு, அரியணையில். தமிழிலும் அதே கதைதானே? ‘வீட்டுக்கு வாரிசு வந்தாச்சு’ என்று பிள்ளை பிறந்த அன்றே சர்க்கரை கொடுக்கிறோம். வாரிசு அரசியல் என்று திட்டுகிறோமே, தலைவர் இறந்த பிறகா திட்டுகிறோம்?

கச்சேரி குமாஸ்தா:
சார்லஸுக்கு அவர்கள் வைத்த பெயர் வெறும் ‘ஏர்’ அல்ல, ‘ஏர் அப்பேரன்ட்’. அவருக்கு முந்தி யாரும் வந்து குறுக்கே நிற்க முடியாது என்று பொருள். அவர் அம்மா எலிசபெத்துக்கு அந்தப் பட்டம்கூடக் கிடைக்கவில்லை. 1936 முதல் 1952 வரை ‘ஏர் பிரிசம்ப்டிவ்’தான். ஏனென்றால் ராஜாவுக்கு எந்த நேரமும் ஆண் குழந்தை பிறக்கலாம், பிறந்தால் இவருடைய முறை பின்னுக்குப் போய்விடும். பட்டத்துக்கே இவ்வளவு கவனம். நம் 1882ஆம் வருஷச் சொத்து மாற்றச் சட்டம் 6ஆம் பிரிவைப் பாருங்கள். ‘ஏர் அப்பேரன்ட்’டுக்குச் சொத்து வரலாம் என்கிற வாய்ப்பை யாருக்கும் மாற்றிக்கொடுக்க முடியாது என்று முதலிலேயே போட்டிருக்கிறான்.

ஓய்வு வாத்தியார்:
ஆக, உயிரோடு இருக்கும் அப்பாவின் பிள்ளையைச் சட்டமே ‘ஏர்’ போட்டுத்தான் அழைக்கிறது. வாலில் ஒரு ஒட்டு இருக்கிறது, அவ்வளவுதான். நன்றி, என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

ஏரோட்டி:
தலைப்பைப் பார்த்து ஏர் பிடிப்பவனுக்குத்தான் நிலம் என்கிற விவாதம் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். மன்னிக்கவும். போகிற போக்கில் ஒன்று: எங்கள் ஆபீசில் ஒருவர் இதை ‘ஹெய்ர்’ என்பார். முடியா வாரிசா என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கீழக்கரை:
‘வாரிசு’ அரபியிலிருந்து வந்த சொல். மூலம் ‘வாரிஸ்’. எங்கள் ஷரியத்தில் பிறப்பால் சொத்துரிமை கிடையாது. வாப்பா மவுத்தான பிறகுதான் யார் வாரிஸ், யாருக்கு எத்தனை பாகம் என்ற கணக்கே தொடங்கும். அதனால் இந்தச் சொல் வீட்டை விட்டுக் கிளம்பும்போது குமாஸ்தா அண்ணன் சொன்ன பொருளோடுதான் கிளம்பியது. தமிழுக்கு வந்த பிறகு வாத்தியார் சொல்கிற பக்கம் சாய்ந்துவிட்டது.

பங்காளி:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பூர்வீகச் சொத்தாக இருந்தால் அந்த அக்கா ‘ஏர்’ கிடையாது. பிறந்தபோதே பங்கு இருக்கிறது, அப்பா சாகக் காத்திருக்க வேண்டாம். அதற்கு ஆங்கிலத்தில் ‘கோபார்சனர்’. இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மகன் இல்லாமல் ஒருவன் இறந்தால் மகள்கள் எல்லாரும் சேர்ந்து நிலத்தை அடைவார்கள், அவர்களுக்குத்தான் அந்தப் பெயர். பெண்களுக்கான சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே ஆண்களுக்கு மட்டும் மாட்டினார்கள். தமிழ்நாட்டில் 1989இல் கல்யாணமாகாத மகள்களுக்கும், நாடு முழுக்க 2005இல் எல்லா மகள்களுக்கும் அது திரும்பி வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

மைக்கறை:
வீடு பெரியப்பா சம்பாதித்துக் கட்டியது. 2 ஏக்கர் நஞ்சை மட்டும் தாத்தாவுடையது. அப்போ அது பூர்வீகம்தானே?

கச்சேரி குமாஸ்தா:
எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் இது. தாத்தாவின் சுயார்ஜிதமா, அதாவது அவரே சம்பாதித்ததா? உயில் இல்லாமல் 1956க்குப் பிறகு இறந்தாரா? அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 8ஆம் பிரிவின்படி அது பெரியப்பாவுக்குத் தனிச் சொத்தாகத்தான் வரும். 1986இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாத்தா சொத்து எல்லாம் பூர்வீகம் அல்ல. அதோடு ஒன்று, அக்காவிடம் அழுத்திச் சொல்லுங்கள்: வாய்ப்பை விற்க முடியாது என்பதை நம்பி 3 லட்சத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பிறகு ‘அந்தப் பத்திரம் செல்லாது, என் பங்கு எங்கே’ என்று கேட்கலாம் என்று நினைக்க வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தவர் பிறகு பேச்சை மாற்றக் கூடாது என்று கோர்ட் வாயை அடைக்கலாம். 1973 தீர்ப்பு ஒன்று இருக்கிறது.

ஓய்வு வாத்தியார்:
அப்படியானால் சொல் சரியோ தப்போ, கையெழுத்தும் பணமும் பேசிவிடும். இதற்கா இத்தனை லத்தீன்?

கச்சேரி குமாஸ்தா:
சொல்தான் சார் பொறி. ‘லீகல் ஏர்’ என்று படித்ததும் அந்தப் பெண் என்ன நினைக்கும்? தனக்கு இப்போதே ஒரு பாகம் இருக்கிறது, தம்பி அதை விலை கொடுத்து வாங்குகிறான் என்று நினைக்கும். ‘மகளாகிய நான்’ என்று மாற்றி எழுதுங்கள் மைக்கறை.

ஓய்வு வாத்தியார்:
இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மூலத்தில் தப்பு இருந்தால் தப்போடுதான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் பத்திரத்தைத் திருத்துகிறவர் அல்ல. நாளைக்கு ஆங்கிலமும் தமிழும் இரண்டு விதமாக இருந்தால் யார் பதில் சொல்வது?

மைக்கறை:
வாத்தியார் சொன்னபடி ‘வாரிசாகிய நான்’ என்றே விட்டு, கீழே குமாஸ்தா சார் சொன்னதைத் தனியாக எழுதி, ஒரு வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்றும் சேர்த்து அனுப்பினேன். அக்கா முதல் வரியைத் தாண்டவில்லை. உடனே போன். ‘அப்பா திண்ணையில உக்காந்து வெத்தல இடிச்சிட்டு இருக்காருடி. அதுக்குள்ள எனக்கு என்ன வாரிசு?’ வரைவைத் தம்பிக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.