தவறுதலாக நடந்ததற்குக் குற்றமில்லை என்றால் கஃப்பாரா (பரிகாரம்) எதற்கு?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். தவறுதலாகச் செய்ததில் குற்றமில்லை என்று குர்ஆனின் 33:5 வசனம் சொல்கிறது. ஆனால் கவனப் பிசகில் வண்டி மோதி ஒருவர் இறந்துவிட்டால் தியாவும் (உயிருக்கான இழப்பீடு) உண்டு, கஃப்பாராவாக இரண்டு மாதத் தொடர் நோன்பும் உண்டு என்கிறார்கள். பாவமில்லாத காரியத்துக்கு இதெல்லாம் ஏன்?

பதில் 1:
வ அலைக்குமுஸ்ஸலாம். பாவம் வேறு, பொறுப்பு வேறு. நோன்பாளி ஒருவர் நோன்பை மறந்து, அடுத்தவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தன்னுடையது என்று நினைத்துப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டார் என்று வையுங்கள். நோன்பு முறியாது, அல்லாஹ்வே அவருக்கு உணவளித்தான் என்று புகாரி நூலில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. ஆனால் பொட்டலத்தின் விலையை உரியவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். மறதி அடியானின் ஹக்கை (உரிமையை) அழிக்காது.

உயிர் விஷயமும் அப்படித்தான். 4:92-ல் வரும் தியா வாரிசுகளுக்குரியது. அதன் அடிப்படை அளவு 100 ஒட்டகம். ஃபிக்ஹ் (இஸ்லாமிய) சட்டப்படி, மோதியவரின் தந்தைவழி ஆண் உறவினர்கள் மூன்று ஆண்டுகளில் கட்ட வேண்டும். வாரிசுகள் விட்டுக்கொடுத்தால் தியா நீங்கிவிடும். கஃப்பாரா நீங்காது, அது அல்லாஹ்வின் ஹக். "குடும்பத்தார் மன்னித்துவிட்டார்கள்" என்று நோன்பையும் விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. இறந்தவர்கள் இருவர் என்றால் கஃப்பாராவும் இரண்டு.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லா விபத்தும் ஓட்டியவர் தலையில் விழாது. 1993-ல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பாதிக்கப்பட்டவரின் தவறே விபத்துக்குக் காரணம் என்றால் ஓட்டியவர் பொறுப்பல்ல என்றது. இருவர் மீதும் தவறு என்றால் அவரவர் பங்குக்கு அவரவர் பொறுப்பு. ஆகவே வேகம், சிக்னல், வெளிச்சம் எதையும் மறைக்காமல் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) சொல்லி ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேளுங்கள்.

கேட்டவர்:
ஜஸாக்கல்லாஹ். நோன்புக்குப் பதில் 60 ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா?

பதில் 1:
அது ளிஹாருக்கான (மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்குவதற்கான) கஃப்பாராவில் வருவது (58:4). 4:92-ல் அடிமை விடுதலை, முடியாவிட்டால் நோன்பு, அவ்வளவுதான். ஹனஃபியிலும் ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பிரிவின்) வலுவான கருத்திலும் உணவு சேராது.

தேதி பார்த்துத் தொடங்குங்கள். ரமளானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தில் தொடங்கினால் ரமளான் குறுக்கிடும். துல்ஹஜ்ஜுக்கு முந்திய துல்கஅதாவில் தொடங்கினால் துல்ஹஜ் 10 முதல் 13 வரை நோன்பே கூடாது. இரண்டிலும் தொடர் அறுந்து முதலிலிருந்து வைக்க நேரும். காரணமில்லாமல் ஒரு நாள் விட்டாலும் அதே கதிதான். மாதவிடாயால் தொடர் அறாது. ஸஃபர் 1-ல் தொடங்கினால் ரபீஉல் அவ்வல் முடிவில் முடியும், மாதம் 29 நாளில் முடிந்தாலும் சரி. மாத நடுவில் தொடங்கினால், ஷாஃபிஈ மத்ஹப்படி அந்த மாதத்தில் குறையும் நாட்களை மூன்றாம் மாதத்தில் வைத்து 30 ஆக நிரப்புங்கள். ஒவ்வொரு இரவும் நிய்யத் (நோன்பு வைக்கும் எண்ணம்) வைக்க மறக்காதீர்கள்.